மாதம் மூன்று நாள் காய்ச்சல்

எனக்குக் காய்ச்சலே வராது. சின்ன வயதில் அம்மை போட்டதோடு சரி. ஆனால் ஒத்தக்கடைக்கு அப்பால் இருந்த எங்கள் நூல் மில்லின் வருகைப் பதிவேட்டைப் புரட்டினால், அன்னக்கொடியாகிய நான் மாதம் தவறாமல் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்த சீக்குக்காரி.

மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்தது எண்பத்து நாலில். எலுமிச்சம்பழம் நறுக்கி, சூடம் காட்டி, ஏ.சி. அறைக்குள் இறக்கினார்கள். தூசு ஆகாது, செருப்பை வெளியே விடுங்கள் என்றான் கம்பெனிக்காரன். எங்கள் பிரிவு அதிகாரி பஞ்சாபகேசன் சார் அதோடு ஒரு மீனாட்சி படத்தையும் மாட்டினார். அவ்வளவுதான், அறை சந்நிதியாகிவிட்டது.

அந்த மிஷினை ஓட்டப் படித்திருந்தவள் நான் ஒருத்திதான். மேலூரிலிருந்து தினமும் பஸ். சேர்ந்த முதல் வாரமே டைப்பிஸ்ட் ஜகதாம்பாள் மாமி என்னைத் தனியே கூப்பிட்டு, "அந்த மூணு நாள் நீ உள்ளே வரப்படாதாம். சார் சொல்லச் சொன்னார். லீவு லெட்டர்ல காய்ச்சல்னு போட்டுடு," என்றாள். வேறெப்படி எழுதுவது? எழுதினேன். வீட்டிலும் அந்த நாட்களில் மூலையில் உட்கார்ந்து பழகியவள்தானே. கோபம்கூட வரவில்லை.

நான் இல்லாத நாளுக்கு ஆள் வேண்டுமென்று சிவசங்கரனைச் சேர்த்தார்கள். புரோகிராம் எழுத அவனுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். நல்ல பையன், சூட்டிகையானவன் இல்லை.

இரண்டு வருஷம் கழித்துப் பெரிய மிஷின் வாங்கப் போவதாகப் பேச்சு வந்தது. மெட்ராஸில் ஆறு மாதப் பயிற்சி, ஒரே ஒரு ஆளுக்கு. திரும்பி வந்தால் அந்தப் பிரிவே அவர் கையில். நான்தான் போவேன் என்று வீட்டில் பெட்டிகூட வாங்கிவிட்டேன். மேனேஜர் சுப்பராமன் கூப்பிட்டார். மேஜையில் பதிவேடு விரித்திருந்தது. பக்கத்தில் பஞ்சாபகேசன் சார்.

"உங்க வேலையில ஒரு குறையும் இல்லம்மா. ஆனா மாசாமாசம் காய்ச்சல்ல படுத்துடறீங்க. மெட்ராஸ்ல யாரு பாத்துக்குவா? முதல்ல உடம்பத் தேத்துங்க. சிவசங்கரன் போகட்டும்."

நிஜமான அக்கறையோடுதான் சொன்னார். பஞ்சாபகேசன் சார் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். இரண்டு ஆண்களுக்கு முன்னால் அந்த வார்த்தை வாயில் வரவில்லை. "சரி சார்," என்று வெளியே வந்துவிட்டேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

சிவசங்கரன் ஞாயிற்றுக்கிழமை ரயிலேறினான். புதன்கிழமை எனக்கு அந்த மூன்று நாளில் முதல் நாள். வழக்கம்போல லெட்டரை மாமியிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன். பஞ்சாபகேசன் சார் வராந்தாவில் ஓடிவந்தார்.

"எங்கேம்மா போறே? ரெண்டு மணிக்குள்ள உற்பத்தி அறிக்கை போயாகணும். சிவசங்கரனும் இல்லையே!"

"எனக்குக் காய்ச்சல் சார்."

"அதெல்லாம் பரவாயில்லை, உள்ளே போ. மிஷினுக்கு என்ன தெரியப் போறது?"

இவ்வளவுதானா? இரண்டு வருஷம் எனக்கு வேலியாக இருந்தது இந்த ஒரு வாக்கியத்தில் காலியாகிவிடுமா?

"இம்புட்டு நாளும் மிஷினுக்குத் தெரிஞ்சுச்சா சார்?" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். "நீங்க சொல்லித்தான் நான் லீவு போட்டேன்னு எழுதிக் கொடுங்க. அப்புறம் உள்ள போறேன்."

அவருக்கு வியர்த்தது. உள்ளே மேனேஜர் அறையில் மணி அடித்தது. மாமியின் மேஜையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து இரண்டு வரி எழுதினார், நிறுத்தினார்.

"காரணம் என்னன்னு போடறது? உடல்நலக் குறைவுன்னு..."

"உள்ளத எழுதுங்க சார்."

மாமி தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எழுதினார், கையெழுத்துப் போட்டார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அதை மேனேஜரிடம் கொண்டுபோவதென்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். ஆனால் மெட்ராஸ் போனது போனதுதான். அடுத்த ஆளை எப்போது அனுப்புவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

அன்று ஒன்றரை மணிக்கே அறிக்கை தயார். வெளியே கொண்டுவந்து நீட்டினேன். பஞ்சாபகேசன் சார் அதை என் கையிலிருந்தே வாங்கிக்கொண்டார். தயங்கக்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.