இடாப்பில் இல்லாத பிள்ளை

ஞானேஸ்வரி டீச்சரின் வரவு இடாப்பைக் கண்டால் கல்விக் கந்தோர் அதிகாரிகளே கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். இருபத்திரண்டு வருடத்தில் ஓர் அடித்தல், ஒரு திருத்தம் கிடையாது. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குப் படிப்பிக்க வந்த நாள் முதல் அவருடைய சட்டம் ஒன்றுதான்: இரண்டாவது மணி அடித்த பிறகு வருகிற பிள்ளை, அன்றைக்கு வராத பிள்ளை. சிவப்பு மையில் ஒரு பூச்சியம் போட்டுவிட்டு விறாந்தையில் நிறுத்திவிடுவார். மழை, பஸ், வயிற்றுவலி எதுவும் அவரிடம் எடுபடாது.

தொண்ணூற்றேழாம் ஆண்டில் அந்தச் சட்டம் பொலிஸ் நிலையம் வரை போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில், ரயில் பாதையோரம் யாரோ ஒரு குண்டுப் பொதியை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பாடசாலைச் சீருடையில் ஒரு பெண்ணைக் கண்டதாக ஒருவர் சொல்லிவிட்டார். அந்த யுத்த காலத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளையைப் பிடிக்க அவ்வளவு போதாதா? கெலிஓயாவுக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்திலிருந்து படிக்க வருகிற பதினேழு வயது இராஜேஸ்வரியை, வியாழக்கிழமை பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் பொலிஸ் இடாப்பைக் கேட்டது. செவ்வாய்க்கிழமைக்கு நேரே அவளுக்குச் சிவப்புப் பூச்சியம். ஏழு நிமிடம் பிந்தி வந்தாள், முதல் இரண்டு பாடமும் விறாந்தையில் நின்றாள் என்று ஞானேஸ்வரி சொன்னார். ஏன் பிந்தினாள் என்று கேட்டார் பாடசாலை அதிபர் திரேசா. அதை விசாரிக்கவில்லை என்றார். அந்தக் கிழமை முழுக்கச் சோதனைச் சாவடியில் பஸ்களை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

பூச்சியத்தைக் கொஞ்சம் மாற்றிவிட்டால் என்ன என்று அதிபர் குரலைத் தாழ்த்தினார். ஞானேஸ்வரிக்கும் ஆசை வந்தது, மறைப்பானேன். ஆனால் புது மையைக் கண்டுபிடித்தால் பிள்ளையின் கதி அதோகதிதான். இடாப்பை அப்படியே பொலிஸ் நிலையத்துக்கு எடுத்துக்கொண்டு போனார்.

இன்ஸ்பெக்டர் பூச்சியத்தைப் பார்த்தார். பிறகு பிள்ளையின் வாக்குமூலத்தை வாசித்தார். பாடசாலைக்குப் போனாளாம்; ஆனால் அன்று வரவில்லையாம். இதில் எது பொய் என்று சிங்களத்தில் கேட்டார். எத்தனை தடவை அதட்டியும் அவள் மாற்றிச் சொல்லவில்லையாம்.

இடாப்பில் இல்லாவிட்டால் நீ வரவில்லை என்று படித்துப் படித்துச் சொன்னவர் ஞானேஸ்வரிதானே. அவர் சொல்லிக்கொடுத்ததை இவ்வளவு ஒழுங்காகப் படித்த மாணவி வேறு இல்லை. வெட்கத்தில் தலை நிமிரவில்லை அவருக்கு.

பிள்ளை வந்தாள், பொய் தன் இடாப்பில்தான் என்றார். எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்ன இன்ஸ்பெக்டர், கல்விக் கந்தோருக்கும் ஒரு பிரதி போகும் என்றார். தெரிந்த சிங்களத்தில் எழுதிக் கொடுத்தார். பக்கத்து வகுப்புக் கைரியா டீச்சரும் வந்து, விறாந்தையில் அவளைக் கண்டதாகச் சொன்ன பிறகு, பின்னேரம் விட்டார்கள்.

பஸ் நிலையம்வரை ஞானேஸ்வரியும் பிள்ளையும் நடந்தார்கள். இராஜேஸ்வரியின் கண்கள் வீங்கியிருந்தன. ஏதாவது ஆறுதலாகக் கேட்க வேண்டும் போலிருந்தது டீச்சருக்கு. இருபத்திரண்டு வருடத்தில் யாரிடமும் கேட்காததைக் கேட்டார்.

"அண்டைக்கு ஏன் பிள்ளை பிந்தி வந்தனீ?"

அவள் சட்டென்று நின்று, கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"இனிமே பிந்த மாட்டேங்க டீச்சர்."