கேட்காமல் எடுத்த சிரிப்பு

"இதை மாட்டிப் பாருங்க" என்று கடைக்காரர் சீனுவாசன், தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் அந்தப் பெரிய டெலி லென்ஸைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். கலைமதி தன் மிரர்லெஸ் கேமராவில் அதை மாட்டித் தூக்கியதுமே மணிக்கட்டு இறங்கியது.

விழுப்புரத்தில் கல்யாணப் படம் எடுக்கும் பெண் என்றால் எல்லோரும் அவளைத்தான் சொல்வார்கள். இது போன்ற பெரிய லென்ஸை வாடகைக்கு எடுத்துப் பட்ட பாட்டை அவள் மறக்கவில்லை. "வேணாம்ணா. இதை நீட்டினா மண்டபமே அட்டென்ஷன்ல நிக்குது. பொம்பளைங்க முந்தானையை இழுத்து வுட்டுக்கறாங்க. பசங்க, யாரைச் சுடப் போறேன்னு கிண்டல் பண்றானுங்க."

சீனுவாசன் உள்ளே போய் இன்னொன்றைக் கொண்டு வந்தார். உள்ளங்கையில் அடங்கியது. "இதுவும் டெலிதான், ஆனா கச்சிதமா இருக்கும். வெளிச்சம் கம்மியான ஹால்லயும் கைவுடாது. ஆட்டோஃபோகஸ் சத்தமே வராது. ஆளோட கண்ணைப் புடிச்சிதுன்னா அவங்க நடந்தாலும் புடிச்சிக்கினே போவும். கை ஆட்டத்தை மட்டும் உங்க கேமராதான் பாத்துக்கணும்."

கலைமதி கடை வாசலில் நின்று எதிர்ச் சாரியில் பூ வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் குறிவைத்தாள். திரையில் பச்சைக் கட்டம் அவள் கண்ணில் போய் உட்கார்ந்தது. பூக்காரியிடம் பேரம் பேசி முடித்து அந்தப் பெண் நடந்து போனாள்; தன்னை ஒருத்தி படமெடுத்தது அவளுக்குத் தெரியவே தெரியாது.

"இதான்ணா எனக்கு வேணும். எடுக்கறதே ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

அந்த லென்ஸோடு அவள் போன முதல் கல்யாணம் திண்டிவனத்தில். பந்தி நடந்த கூடத்தின் ஒரு கோடியில் தூணோரமாக நின்றுகொண்டாள். மறுகோடியில் மணப்பெண்ணின் தங்கையோடு நர்சிங் படிக்கும் பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் சட்டென்று தலையைப் பின்னால் சாய்த்து, வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணோரம் நீர் கோத்துக்கொள்ளும் சிரிப்பு. அவளுக்குப் பின்னால் ஒரு பையனும் சிரித்தான். கலைமதியின் விரல் தானாக அழுத்தியது.

வீட்டில் கணினியில் பார்த்தபோது அவளுக்கே புல்லரித்தது. இரண்டு முகமும் ஒன்றையொன்று உரசுகிற மாதிரி நெருக்கமாக இருந்தன. உண்மையில் இருவருக்கும் நடுவே ஒரு பந்தி வரிசையே இருந்தது. தூரத்திலிருந்து டெலி லென்ஸில் எடுத்தால் முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் ஒட்டி நிற்பதுபோலத் தெரிவார்கள். படத்துக்கு அழகே அதுதான் என்று நினைத்து, 'கல்யாண வீட்டுச் சந்தோஷம்' என்று தலைப்பிட்டுத் தன் இன்ஸ்டா பக்கத்தில் போட்டாள். இதயங்கள் குவிந்தன. யாரோ அதில் காதல் பாட்டைச் சேர்த்து வாட்ஸ்அப்பில் சுற்ற விட்டதையும் பார்த்தாள். படம் நன்றாகப் போகிறது என்றுதான் அப்போதும் நினைத்தாள்.

சில வாரம் கழித்து விழுப்புரத்தில் ஒரு வரவேற்புக்கு அழைத்தார்கள். காலையிலேயே கோயிலில் தாலி கட்டி முடித்துவிட்டார்கள் என்றும், மாலை மண்டபத்தில் படம் எடுத்தால் போதும் என்றும் மாப்பிள்ளையின் தங்கை துர்கா சொன்னாள். மேடையில் பொண்ணு தலையைக் குனிந்தபடி இருந்தாள். கேமரா கண்ணைத் தேடித் தேடி அலைந்தது.

"கொஞ்சம் நிமிந்து சிரிம்மா" என்றாள் கலைமதி.

பொண்ணு நிமிர்ந்தாள். "சிரிச்ச படத்தைத்தான் ஏற்கெனவே எடுத்துட்டீங்களேக்கா."

கலைமதி கேமராவை இறக்கிவிட்டு அந்த முகத்தைப் பார்த்தாள். திண்டிவனத்துப் பந்தியில் சிரித்த அதே பெண்.

உடை மாற்றும் அறையில் கிடைத்த கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் சொல்லிவிட்டாள். பெயர் இளவரசி. மண்டகப்பட்டில் விவசாயக் குடும்பம். "அந்தப் பையன் பேரு வீரமுத்து, மரக்காணம் பக்கம். எங்க கிளாஸ். பரிமாற வந்த அண்ணன் அவன் சட்டை மேல பாயசத்தை ஊத்திட்டாரு. அதுக்குத்தான் எல்லாரும் சிரிச்சோம். நீங்க எங்க ரெண்டு பேரை மட்டும் எடுத்தீங்க. சித்தப்பாவுக்கு யாரோ அனுப்பிட்டாங்க. மறுநாள்லருந்து காலேஜ் இல்ல. அவனையும் எங்காளுங்க ரோட்டுல வச்சி அடிச்சிட்டாங்க. அவனும் படிக்க வர்றது இல்லையாம்."

"நான் அதை உடனே எடுத்துடறேன்மா."

"எடுங்க. எங்க ஊர்ல இருக்கற எல்லா போன்லருந்தும் எடுத்துருவீங்களா?"

கலைமதி ஓட்டமும் நடையுமாகப் போய் இளவரசியின் அப்பா துரைக்கண்ணுவைப் பிடித்தாள். அந்தப் படத்தை எடுத்தது தான்தான் என்றாள். லென்ஸ் எப்படித் தூரத்தைச் சுருக்கும் என்று, எதிரே கிடந்த நாற்காலிகளைப் படமெடுத்தே காட்டினாள். அவர் பொறுமையாகப் பார்த்தார்.

"எம்பொண்ணைப் பத்தி எனக்குத் தெரியும்மா. நான் அந்தப் படத்தை ஒரு நாளும் நம்பல."

"அப்புறம் ஏங்க படிப்பை நிறுத்தி அவசரமா கட்டிக் குடுக்கறீங்க?"

"பாத்தவன் ஒவ்வொருத்தன் வாசலுக்கும் போயி இந்த லென்சு கதையைச் சொல்லிக்கினு இருக்க முடியுமா? ஊரு வாயை மூட வேற வழி தெரியல." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார்.

மகள்மேல் தப்பில்லை என்று தெரிந்த அப்பாவே, ஊருக்குப் பயந்து அவளுக்குத் தண்டனை கொடுத்திருக்கிறார். அந்தத் தண்டனைக்குச் சாட்சியத்தைக் கையில் எடுத்துக் கொடுத்தவள் கலைமதி. அங்கேயே நின்று தன் இன்ஸ்டா பக்கத்திலிருந்து படத்தை நீக்கினாள். வீரமுத்துவின் வீட்டை விசாரித்துப் போய், நடந்ததைத் தன் வாயால் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துகொண்டாள். அதனால் அவன் வாங்கிய அடி இல்லையென்று ஆகிவிடாது என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

மறுபடி மேடை அருகே வந்தபோது துர்கா ஓடி வந்தாள். "அக்கா, சாப்பாட்டு ஹால்ல காலேஜ் பொண்ணுங்க சூப்பரா பேசிக்கினு இருக்காங்க. ஜல்தியா போயி அவங்களுக்குத் தெரியாம நாலு படம் எடுங்களேன். அப்பதான் நேச்சுரலா இருக்கும்."

"கேட்டுட்டு எடுக்கறேன்மா."

"கேட்டா முகத்தை மாத்திக்குவாங்கக்கா."

"மாத்திக்கட்டும். வேணாம்னு சொன்னாலும் சொல்லட்டும்" என்றாள் கலைமதி. "முகம் அவங்களோடது துர்கா. ஒருத்தரைக் கேக்காம எடுத்து ஊருக்குக் காட்டுற படம் எவ்ளோ அழகா இருந்தாலும் அது திருட்டுதான். ஒரு பொண்ணு சிரிச்சதையே குத்தம்னு சொல்ற ஊர்ல, அந்தத் திருட்டுக்கு நாம ஜெயிலுக்குப் போறதில்ல. திருட்டு குடுத்தவதான் போறா."

அவள் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. மேடையில் நின்ற இளவரசிக்கு அது கேட்டிருக்க வேண்டும். ஆனால் அவள் திரும்பவில்லை. பரிசோடு வந்த யாருக்கோ கைகூப்பிக்கொண்டிருந்தாள்.