மூத்தாளின் பாஷை

புருஷன் பங்காருவின் வாயில் தமிழ் நின்றுபோய்த் தெலுங்கு மட்டும் மிஞ்சியதிலிருந்து ரஞ்சிதத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. உலையில் அரிசியைப் போட்டுவிட்டுக் கூடத்துக்கு ஓடுவாள். கட்டிலைப் பார்த்ததும் மறுபடி அடுப்படிக்கே ஓடுவாள். என்ன பிழைப்பு இது!

ஆள் லேசுப்பட்டவனா? திருத்தணி ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரத்துக்கு வண்டியில் சனத்தை ஏற்றிக்கொண்டு, மாட்டையும் சனத்தையும் ஒரே வாயால் அதட்டுகிறவன். போன வாரம் நுகத்தடியைப் பிடித்தபடியே சாய்ந்தான். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கண் விழித்ததும், "நீள்ளு" என்று தண்ணீர் கேட்டான். கஞ்சி ஊட்டப் போனால், "வத்து" என்று வேண்டாமென்றான். அவ்வளவுதான் பேச்சு. பிறந்த வீட்டில் அவனுக்குத் தெலுங்கு. முதல் தாரம் ஜெயம்மாவோடும் தெலுங்குதான். அவள் செத்து, திருவாலங்காட்டு ரஞ்சிதத்தைக் கட்டிய பிறகு வீட்டில் தமிழைத் தவிர வேறு பேசினதே இல்லை.

"இது அவன் பேசலடி," என்றாள் பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள். "ஜெயம்மா எறங்கிகினு பேசறா. மூத்தா பொட்டைக் கழட்டிட்டியா நீ?"

கழற்றித்தான் இருந்தாள். செத்த மூத்தாளின் பேரில் இளையாள் தாலியோடு கோத்துப் போடுகிற பொட்டு அது. கயிறு மாற்றினபோது, இவள் இன்னும் எதற்கு என் கழுத்தில் என்று பெட்டியில் போட்டுவிட்டாள். இப்போது பதறிப்போய் எடுத்துக் கட்டினாள். புடவை வைத்துப் படைத்தாள். அப்புறமும் கஞ்சிக்கு "வத்து" தான்.

நேற்று மத்தியானம் அவளுக்குப் பொறுமை போயே போய்விட்டது. கட்டிலருகே நின்று கத்தினாள்.

"யக்கா, உனக்கு இன்னா கொற வச்சேன்? பீ மூத்திரம் வாரறது நானு, வாயில குந்திகினு பேசறது நீயா? இந்த அரை ஆளு எனக்கு வாணாம், நீயே கூட்டிகினு போயிடு! செத்தா ஒரு நாளு அழுதுட்டு நிம்மதியா இருப்பேன்!"

பங்காரு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். ஜெயம்மாதான் முகத்தைத் திருப்புகிறாள் என்று ரஞ்சிதம் நினைத்தாள்.

இன்று காலை டாக்டர் சடகோபன் வந்தார். சைகை எதுவும் தெரிந்துவிடாதபடி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தமிழிலேயே கேட்டார்.

"இடது கையைத் தூக்குங்க."

தூக்கினான்.

"கண்ணை மூடுங்க."

மூடினான்.

"ஆமான்னா கையைத் தூக்கணும். நீங்க வக்கீலா?" கை அசையவில்லை. "வண்டிக்காரரா?" கை எழுந்தது.

டாக்டர் ரஞ்சிதத்தின் பக்கம் திரும்பினார். "பேயுமில்ல, பிசாசுமில்லம்மா. மூளையில பேச்சு உண்டாகற இடம் வேற, கேட்டுப் புரிஞ்சிக்கற இடம் வேற. இவருக்கு ரத்தம் அடைச்சிகினது பேச்சு உண்டாகற இடத்துல. சின்ன வயசு வார்த்தை ரெண்டு எப்படியோ தப்பிச்சிருக்கு. நாம பேசறது அவருக்குப் புரியுது."

"தமிழுமா?"

"ஆங், தமிழுந்தான். தாராளமா பேசுங்க."

ஐயோ! டாக்டர் தெருவில் இறங்குவதற்குள் நேற்றுக் கத்தினது அவளுக்கு நினைவு வந்துவிட்டது. கட்டிலருகே போனாள், திரும்பினாள், மறுபடி போனாள். எந்த முகத்தோடு கேட்பது?

"நேத்து நான் கத்தினது காதுல வுழுந்துச்சாங்க?"

இடது கை மெல்ல எழுந்தது.

"செத்தா நிம்மதின்னு சொன்னதுமா?"

மறுபடி எழுந்தது.

"அது உங்களுக்குச் சொன்னதில்லங்க. அக்காதான் உள்ள இருக்கறான்னு நெனச்சிகினு..." குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள். "எம்மேல கோவமா?"

கை விருட்டென்று எழுந்தது. எழுந்தது கீழே இறங்கவே இல்லை.

இத்தனை வருஷமாக அவளிடம் கோபித்துக்கொள்கிற அதே ஆள்தான், வேறு யாருமில்லை. ரஞ்சிதம் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா கோவப்படுங்க," என்று தேம்பினாள்.