முத்துராமன் பட்டா போட்ட தெய்வங்கள்

வளைகுடாவில், மங்காஃபில் குடியிருக்கும் முத்துராமனுக்கு ஏசி இன்ஜினியர் வேலை. அது எட்டு மணி நேரம்தான். உலகத்தில் எதைக் காட்டினாலும் அது நம்மிடமிருந்து போனது என்று நிரூபிப்பதுதான் அவருடைய அசல் உத்தியோகம். அதற்குச் சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது.

சைட்டில் பதினோரு வருடமாக அவரோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறவர் இத்ரீஸ், சூடானிலிருந்து வந்த நூபியாக்காரர். இருவரும் ஓட்டை இந்தியில் பேசிக்கொள்வார்கள். மகள் தன்யாவின் பாடத்தில் எகிப்திய தெய்வங்கள் வந்திருக்கவே, நைல் கரைக்காரராயிற்றே என்று முத்துராமன் அவரிடம் கேட்டார்.

"நீ நினைக்கிற மாதிரி சாமி இல்ல பாய்," என்றார் இத்ரீஸ். "நான் தொழுறவன், அதையெல்லாம் கும்பிடல. ஆனா அது எங்க ஆப்பிரிக்காவோட பழைய அறிவு. ஷூன்னா காத்து. தெஃப்னூத்னா ஈரம். மாஅத்னா எல்லாம் அளவா நிக்கிறது. நாம தினம் ஏசி டக்ட்ல பாக்கிறது வேற என்ன?"

முத்துராமன் புளிசாதத்தை அப்படியே வைத்தார். "அச்சா! வாயு, வருணன், தர்மம்! மூணும் எங்க ஊரு சரக்கு பாய். கப்பல்லதான் உங்க பக்கம் வந்திருக்கும்."

இத்ரீஸ் டப்பாவை மூடினார். "கலாஸ், முடிஞ்சது," என்று எழுந்து போனார். மறுநாளிலிருந்து அவர் வேறு மேசை.

ஒரு வாரம் ஆயிற்று. முத்துராமன் தனியாகவே சாப்பிட்டார். வீட்டில் சொன்னதும் மனைவி நளினி சிரித்துவிட்டாள்.

"பிரமிடுக்குப் பட்டா வாங்கியாச்சா? வில்லங்கம் பாத்தீங்களா? அந்த மனுஷன் ஆசையா காட்டினதை அவர்கிட்டருந்தே புடுங்கிட்டு வந்திருக்கீங்க. போய் மன்னிப்புக் கேளுங்க. வாயை மட்டும் வீட்ல வெச்சிட்டுப் போங்க."

மறுநாள் முத்துராமன் தன் டப்பாவோடு இத்ரீஸின் மேசைக்கே போய் உட்கார்ந்தார். "தப்பு என்னோடது பாய். உன் ஊரைப் பத்திச் சொல்லு, கேக்குறேன்."

இத்ரீஸ் தன் டப்பாவை நகர்த்தி அவருக்கு இடம் விட்டார். பிறகு, "நைல் வெள்ளத்துக்கு அந்தக் காலத்துல ஹாபின்னு பேரு," என்றார். "பிள்ளை பிறந்தா எங்க ஜனம் ஆத்துக்குத் தூக்கிட்டுப் போகும். முகம் கழுவிட்டு, ஆத்துக்கும் ஒரு வாய் கஞ்சி ஊத்தும்."

ஆடிப்பெருக்கு! முத்துராமனுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவசரமாக ஒரு கவளத்தை வாயில் போட்டு அடைத்தார்.

"எங்கப்பா சின்னப் பையனா இருந்தப்போ ஆத்துல அணை கட்டினாங்க. ஊரு, வீடு, பேரீச்சை மரம் எல்லாம் தண்ணிக்குள்ள போச்சு. நாங்க தூக்கிட்டு வந்தது இந்தக் கதைங்களைத்தான். அதையும் நீ உன்னுதுன்னா, என் பசங்களுக்கு நான் என்ன குடுப்பேன்?"

முத்துராமனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கவளத்தை மென்று விழுங்கினார்.

இத்ரீஸ் அவர் முகத்தையே பார்த்தார். "நடுவுல ஏதோ சொல்ல வந்தியே, என்ன?"

"மாஃபி பாய், ஒண்ணுமில்ல. ஆறு உன்னோடது."

அந்த ஒரு வாரத்தில் முதல் தடவையாக இத்ரீஸ் சிரித்தார். "பொய் சொல்றே. சரி, சாப்பிடு."