மூன்றாம் ஓலை

"நீங்க வெளிய வந்ததும் உங்ககிட்ட ஒண்ணு கேப்பேன். தரணும்."

"இப்பவே கேளேன், சாரா."

"இப்ப கேட்டா எதுக்கும் சரின்னுதான் சொல்லுவீய. வெளிய வந்து, கால்ல செருப்பு போட்டு நின்னுக்கிட்டு சரின்னு சொல்லணும்."

பாளையங்கோட்டைச் சிறையில், கம்பிவலைக்கு அந்தப்புறமும் இந்தப்புறமும் நின்று பேசிய பேச்சு. ஜாபேஸ் விடுதலையாகி எட்டு வருஷமாகியும் அவர் மனைவி சாரம்மாள் அதைக் கேட்கவில்லை. என்னவென்று அவரும் விசாரிக்கவில்லை. இன்றைக்குக் காலை ஆராதனையில் குருவானவர் ஓலை வாசிக்கக் கண்ணாடியை மாட்டியபோது, ஏனோ அந்தப் பேச்சுதான் ஞாபகத்துக்கு வந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் இப்போதே சொல்லலாம் என்று. சொல்வதற்கு யாரும் எழுந்ததில்லை. அந்த இடைவெளியில் பெண்கள் முக்காட்டைச் சரிசெய்வார்கள், யாராவது இருமுவார்கள், அவ்வளவுதான். ஆனால் "காலஞ்சென்ற ஜெபசீலன் குமாரத்தி பிரிஸில்லா" என்று குருவானவர் வாசித்ததும் ஒருவரும் இருமவில்லை. முன் பெஞ்சுகளெல்லாம் திரும்பி, தூண் ஓரத்தில் இருந்த ஜாபேஸைப் பார்த்தன. பிரிஸில்லா மட்டும் திரும்பவில்லை. அவள் கழுத்து விறைத்திருந்தது. முப்பத்தாறு வயது. காதோரம் நரை. ஜாபேஸ் வேதப்புத்தகத்தின் அட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சேரன்மகாதேவிக்கு மேற்கே, கால்வாய்த் தண்ணீர்ச் சண்டையில் ஒருவனை வெட்டிப்போட்ட வழக்கில்தான் ஜாபேஸ் உள்ளே போனார். பிரிஸில்லாவின் அப்பா ஜெபசீலன் வாத்தியார் விடியற்காலையில் ஓடுகிறவனின் முதுகைத்தான் பார்த்தார். போலீஸ்காரர், "ஜாபேஸ்தானே?" என்றார். முந்தின நாள்தான் ஜாபேஸ் மடையில் நின்று கத்தியிருந்தார். வாத்தியார் தலையை ஆட்டிவிட்டார். ஆட்டிய தலையைப் பிறகு அவரால் திருப்பி ஆட்ட முடியவில்லை. பள்ளிக்கூட வாத்தியார், சபை மூப்பர், அவர் சொல்லுக்கு மேல் யார் சொல்? மதுரை உயர்நீதிமன்றம் குற்றமில்லை என்று சொல்வதற்குள் ஏழு வருஷம் போய்விட்டது. ஜாபேஸின் அம்மாவும் போய்விட்டாள்.

வெளியே வந்ததும், வாத்தியாரை வெட்டிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். வெட்டினால் ஒரு நொடி. வாத்தியாரும் ஊர் முன்னால் ஒரு பொய்யைச் சுமந்து நடக்க வேண்டும், வருஷக்கணக்காக. அதுதான் சரியென்று பட்டது.

இரண்டு வருஷம் பொறுத்தார். பிரிஸில்லாவுக்குத் திசையன்விளையில் மாப்பிள்ளை முடிவாகி, மூன்றாம் ஓலை வாசித்த அன்றைக்கு, மாப்பிள்ளை வீட்டாரும் வந்திருந்த கோயிலில், தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "தடை உண்டு. இந்தப் பிள்ளை நாகர்கோவில்ல ஒருத்தனப் பதிவுக் கல்யாணம் பண்ணியிருக்கு" என்றார். சபையார் விசாரித்தார்கள். அப்படி ஒரு கல்யாணமே இல்லை. ஆனாலும் ஊர் வேறுவிதமாகப் பேசியது. 'பொய்ச்சாட்சியால ஏழு வருஷம் கெடந்தவன் பொய் சொல்லுவானா? என்னமோ இருக்கு.' அந்த 'என்னமோ' திசையன்விளைக்கும் போனது. மாப்பிள்ளை வீட்டார் பிறகு வரவேயில்லை. வாத்தியார் அடுத்த ஐப்பசியில் இறந்துபோனார்.

அதன் பிறகுதான் சாரம்மாள் பரணிலிருந்து ஒரு மஞ்சள் டப்பாவை எடுத்துக் காட்டினாள். அவர் உள்ளே இருந்த வருஷங்களில் கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ், அப்பாவுக்குத் தெரியாமல் பிரிஸில்லா முந்திரிக்கொத்து கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன டப்பா. "சொன்னா கோவப்படுவீயன்னு சொல்லல" என்றாள். ஜாபேஸுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இன்றைக்கு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, வாசலில் நின்ற ஊர்க்காரன் பெர்லின் சிரித்தான். "என்ன வே, இன்னைக்கு எந்திரிக்கல? பெஞ்சுல பசை தடவிட்டாவளோ?"

"ஏலே, போலே அங்கன."

"இன்னும் ரெண்டு ஓலை கெடக்குல்லா, பாப்போம்."

வீடு வரைக்கும் சாரம்மாள் விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். கால்வாயில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. வீட்டுக்குள் போனதும் சேலை மாற்றாமலே சின்ன வெங்காயத்தை முறத்தில் கொட்டி உட்கார்ந்தாள். ஜாபேஸ் வாசற்படியிலேயே நின்றார்.

"நான்தான் சும்மா இருந்தேன்லா" என்றார், யாரோ கேட்டது மாதிரி.

"இருந்தீய."

"மத்த ரெண்டு வாரமும் வாயத் தொறக்க மாட்டேன்."

சாரம்மாள் ஒரு வெங்காயத்தை உரித்துப் போட்டாள். பிறகு பைய கேட்டாள். "ஜெயில்ல வச்சு ஒண்ணு கேப்பேன்னு சொன்னேன்லா, அது என்னன்னு தெரியுமா? வாத்தியார விட்டுருங்கன்னு கேக்க நெனச்சேன். நல்ல நேரம் பாத்து கேக்கலாம்னு தள்ளிப் போட்டேன். அதுக்குள்ள நீங்க தூணப் புடிச்சு எந்திரிச்சிட்டீய. பக்கத்துலதான் இருந்தேன். வேட்டியப் புடிச்சு இழுத்திருக்கலாம்."

அவள் கண்ணில் வடிந்தது வெங்காயத்தாலா என்று அவருக்குத் தெரியவில்லை.

"இப்ப என்ன செய்யச் சொல்லுத? நான் சொன்னது பொய்னு நானே சொன்னா, ஜெயிலுக்கும் இவன் சும்மாவா போனான்னு கேப்பாவ. கோர்ட்டு தந்த பேரும் போயிரும்."

"போவும்" என்றாள். "போவாதுன்னு நான் சொல்லல."

சொல்லிவிட்டு அவர் காலைப் பார்த்தாள். கோயிலுக்குப் போட்டுப்போன செருப்பை அவர் இன்னும் கழற்றவில்லை. அவரும் குனிந்து பார்த்தார்.

சாரம்மாள் முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து வந்து, அவருக்கு எதிரே நின்றாள்.

"மூணாவது ஓலை அன்னைக்கு, அதே தூண் பக்கத்துல எந்திரிங்க. அன்னைக்கு நான் சொன்னது பொய்னு சொல்லுங்க. முன் பெஞ்சுல அந்தப் புள்ளைக்குக் கேக்குற மாதிரி, சத்தமா."