சஞ்சீவனி வீட்டு ஆலங்கட்டி

அந்த ஆலங்கட்டி மழை மஹய்யாவயில் எங்கள் சந்தின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் பெய்தது. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த மத்தியானம், திடீரென்று இருட்டி, எதிர்வீட்டுச் சஞ்சீவனியின் தகரக் கூரையில் தடதடவென்று கொட்டித் தீர்த்தது. சந்துக்கு இந்தப் பக்கம் என் வாசலில் வெறும் தூறல். வானத்துக்குக்கூட அவள் வீடுதான் கண்ணில் படுகிறது, பாருங்கள்.

கூரை ஓட்டையானால் மற்றவர்கள் அழுவார்கள். இவளோ எலுமிச்சை அளவில் ஒரு கட்டியைப் பொறுக்கி, டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துக்கொண்டாள். கட்டாரில் வேலை செய்யும் புருஷன் பிரதீஸ் அடுத்த மாதம் லீவில் வரும்போது காட்டவேண்டுமாம். அதைப் பார்க்கச் சந்தே அவள் வீட்டுக்குப் படையெடுத்தது. எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன்.

அது பிரிட்ஜில் உறையவைத்த ஐஸ் என்று நான்தான் நாலு பேரிடம் சொல்லிவைத்தேன். நிஜ ஆலங்கட்டியை மேகத்துக்குள் காற்று மேலும் கீழும் தூக்கிப்போடும். அப்போது அதன்மேல் தோல்மேல் தோலாக ஐஸ் ஏறும். வெட்டினால் வெங்காயம்போல் வளையம் தெரியும். யூடியூப்பில் பார்த்திருந்தேன். பேச்சு அவள் காதுக்குப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டாள். மேசையில் அந்த டப்பா, சுடுதண்ணீரில் நனைத்த கத்தி. போத்தலில் சாய்த்துவைத்த போனில் பிரதீஸ் வீடியோவில் இருந்தான்.

“நீங்களே வெட்டிப் பாருங்க, கஜாக்கா,” என்றாள்.

வெட்டினால் அவன் வரும்போது காட்ட முழுசாக ஒன்றும் மிஞ்சாது. தெரிந்தும் வெட்டினேன். உள்ளே வெள்ளையாக ஒரு வளையம், கண்ணாடியாக ஒரு வளையம், மறுபடி வெள்ளை. எனக்கு முகம் செத்துப்போனது. அவள் ஒரு பாதியை என் கையில் வைத்தாள். மறுபாதியை உள்ளங்கையில் ஏந்திப் போனுக்கு நேரே பிடித்தாள்.

அவன் ஆலங்கட்டியைப் பார்க்கவேயில்லை.

“கை வெறைச்சுப் போயிரும் புள்ள, கீழ வை,” என்றான்.

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்காமல் நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் கதிரையில் சாய்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். ஐஸோடு கையை அவர் முன்னால் நீட்டியபடி நின்றேன்.

“தரையெல்லாம் தண்ணி. தொடச்சிரு,” என்றார், டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

எனக்கும் கை விறைத்துத்தான் போயிருந்தது.