ஆங்கிலத்தில் மட்டும் பேச்சுவார்த்தை

ஒரே வீட்டில் இருந்த ஓரகத்திகள் இருவரும் பேச்சை நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. மூத்தவள் வாஷிங் மெஷினில் போட்ட சிவப்புத் துண்டு, இளையவளின் வெள்ளைப் புடவையைப் பாழாக்கிவிட்டது. தெரியாமல் நடந்தது என்றாள் மூத்தவள். வேண்டுமென்றே செய்தது என்றாள் இளையவள். அதோடு சரி.

எதைச் சொல்வதானாலும் மாமியார் வழியாகத்தான். "உங்க சின்ன மருமககிட்ட சொல்லுங்க, பால் பொங்குது" என்பாள் மூத்தவள். அடுப்புக்குப் பக்கத்திலேயே நிற்கும் சின்ன மருமகள், மாமியார் திருப்பிச் சொல்லும்வரை அசையமாட்டாள். மாமியாருக்கும் அந்த உத்தியோகம் பிடித்துத்தான் இருந்தது. நடுவில் இரண்டு வார்த்தை கூட்டியும் கொடுப்பார்.

மூத்தவளுக்கு மருந்துக்கடையில் வேலை, இளையவளுக்குக் கூரியர் ஆபீஸில். கவுன்டரில் நிற்க இருவருக்குமே ஆங்கிலம் தேவைப்பட்டது. ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்துவிட்டார்கள். வாசலில் பார்த்துக்கொண்டபோது திரும்பிப் போய்விடத்தான் தோன்றியது. ஆனால் யார் முதலில் திரும்புவது என்பதில் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள்.

ஒரு நாள் டீச்சர் பலகையில் 'கோல்டு ஷோல்டர்' என்று எழுதி அர்த்தம் கேட்டார். தோள்வலி என்றார் ஒருவர். ஜலதோஷம் என்றார் இன்னொருவர்.

"பேச வந்தாலும் முகங்குடுக்காம ஒதுக்கறது" என்றார் டீச்சர். "அப்படி ஒதுக்கறவங்க உங்களுக்கு 'தி கோல்டு ஷோல்டர்' குடுக்கறாங்கன்னு சொல்லணும். எங்க, யாராவது வாக்கியத்துல வச்சுச் சொல்லுங்க."

மூத்தவள் கையைத் தூக்கினாள். தன் ஓரகத்தி தனக்கு ஒரு வருஷமாக கோல்டு ஷோல்டர் கொடுக்கிறாள் என்று, சுவரைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னாள்.

"'தி' விட்டுப்போச்சு, டீச்சர்" என்றாள் இளையவள் எதிர்மூலையிலிருந்து. முதலில் கொடுத்தது யார் என்பதையும் ஆங்கிலத்திலேயே சேர்த்துச் சொன்னாள். மூத்தவள் பதில் சொன்னாள். இவள் அதற்குப் பதில் சொன்னாள்.

டீச்சர் நடிப்பென்று நினைத்துப் பூரித்துப்போனார். இருவரும் ஒரே வீடு என்று தெரிந்ததும், வீட்டிலும் இப்படியே பேசிப் பழகச் சொல்லிவிட்டார்.

பாடம் பாடம்தானே. அன்று சாயங்காலம் இளையவள் ஆங்கிலத்தில் உப்புக் கேட்டாள். தமிழில் கேட்டால் 'அக்கா' என்று கூப்பிட்டாக வேண்டும். ஆங்கிலத்தில் அந்தச் சங்கடம் இல்லை. மூத்தவள் எடுத்துக் கொடுத்தாள். உப்பிலிருந்து பேச்சு புடவைக்குப் போனது. ஆனால் இருவருக்கும் தெரிந்த வார்த்தைகள் பாதிச் சண்டையிலேயே தீர்ந்துவிட்டன. சாயம் இறங்குவதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று மூத்தவளுக்குத் தெரியவில்லை. கைகளை ஆட்டிக் காட்டினாள். இளையவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மாமியார் பாடுதான் திண்டாட்டமாகிப் போனது. "ரெண்டு பேரும் இங்கிலீஷ்ல என்னமோ பேசிக்கிறாங்க. எங்கிட்ட ஒருத்தியும் முகங்குடுத்துப் பேசறதில்ல" என்று மகன்களிடம் குறைப்பட்டார். அவர்கள் விசாரித்தபோது, அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று மருமகள்கள் சேர்ந்தாற்போல் சொன்னார்கள்.

வகுப்பு முடிந்தபோது டீச்சர் மேல்வகுப்பிலும் சேரச் சொன்னார். மூத்தவள் இளையவளைப் பார்த்தாள்.

"வேணாம் டீச்சர்" என்றாள் இளையவள். "இதுக்கு மேல வார்த்தை தெரிஞ்சா எங்களுக்குள்ள வம்புதான்."